நான் எடுக்காமல் விட்ட கேடயங்கள்

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் போய்விடவில்லை. இன்றைக்கு அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, கூப்பிட்டால் வருகிற மாதிரி தெரியவில்லை. நேற்று மத்தியானம் நீ போன் செய்தபோது நான் பூன் லேயில், வேலை பார்க்கும் பாலர் பள்ளியில்தான் இருந்தேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அதனால் வெளியே வந்து பேசினேன். "அம்மா, கல்யாண டின்னர்ல அத்தை ரெண்டு நிமிஷம் அப்பாவப் பத்திப் பேசணுமாம். நான் ஓகே சொல்லிட்டேன். அவங்க ஏதாச்சும் சொன்னா கண்டுக்காதீங்க லா. ஒரு நாள் தானே," என்றாய். நானும் "சரிப்பா" என்றேன். சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய் உட்கார்ந்தேன். உன் அத்தை மைக்கைப் பிடித்தால் என்ன சொல்வாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அது உண்மையில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர் மட்டும்தான்.

அதைப் பற்றி நேராக எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அதனால் உனக்குப் பிடித்த விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ பாலிடெக்னிக் முதல் வருடம் படித்தபோது ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியிலிருந்து அந்தச் சீட்டு விளையாட்டுப் பெட்டியை வாங்கிவந்தாய். "வீட்டுல சீட்டாட்டமா?" என்று உன் அப்பா குதித்தார். "சூதாட்டம் இல்லப்பா, மூளைக்கு வேலை," என்று நீ அவரை உட்காரவைத்து விளக்கினாய். எல்லாருக்கும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி பத்துச் சீட்டு. நடுவில் விரித்திருக்கும் குவியல்களிலிருந்து அவரவர் தங்களுக்கு வேண்டியதை வாங்கி, தங்கள் சீட்டுக்கட்டில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். வாங்கியது உடனே கைக்கு வராது. கட்டைக் கலைத்து ஐந்தைந்தாக எடுக்கும்போது எப்போதாவது வரும். கடைசியில் யாருடைய கட்டு சிறந்ததோ அவருக்கு வெற்றி. இதில் அடிக்கிற சீட்டுகளும் உண்டு. ஒன்றைப் போட்டால் மேசையிலிருக்கும் மற்ற எல்லாரும் கையிலிருந்து இரண்டை இழக்க வேண்டும். இன்னொன்றைப் போட்டால் மற்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு வெற்றுச் சீட்டு போய்ச் சேரும். எதற்கும் உதவாது, நல்ல சீட்டு வரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும், கடைசியில் புள்ளியையும் குறைக்கும். நான் அதற்குக் குப்பை என்று பெயர் வைத்தேன். அதைத் தடுக்கத்தான் கேடயம். அடி விழுகிற நேரத்தில் அது கையில் இருந்தால், எடுத்துக் காட்டிவிட்டுத் தப்பிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நான்கு பேரும் உட்காருவோம். நீ, நான், உன் அப்பா, அடுத்த அடுக்குமாடி புளோக்கிலிருந்து வரும் உன் அத்தை. அண்ணனும் தங்கையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா, இரண்டு பேருக்கும் அடிக்கிற சீட்டு மேல்தான் ஆசை. "அண்ணி, இந்தாங்க, இன்னிக்கு உங்களுக்கு என் சீர்வரிசை," என்று உன் அத்தை ஒவ்வொரு தடவையும் ஒரு குப்பையை என் பக்கம் தள்ளுவாள். சிரித்துக்கொண்டேதான் தள்ளுவாள், நானும் சிரித்துக்கொண்டேதான் வாங்குவேன். நீ மட்டும் கேடயத்தை எடுத்துக் காட்டுவாய். கேடயக் குவியல் சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் மாதத்திலேயே ஒருநாள் நான் அதில் ஒன்றை எடுக்கப் போனபோது, "அம்மா, ப்ளீஸ், அத எடுக்காதீங்க, எனக்கு வேணும்," என்றாய். உனக்குப் பதினேழு வயது. மீசை வந்த பிள்ளை, முகத்தைத் தொங்கப்போட்டால் எனக்குத் தாங்காது. கையை இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆடினோமோ, ஒரு கேடயம்கூட நான் வாங்கியதில்லை. நீ அதைக் கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது. கவனித்திருந்தால், அம்மாவுக்கு அது தேவையில்லை என்று நினைத்திருப்பாய். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது, அதைச் செய்தவள் நான்தான்.

அந்த விளையாட்டில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்பதால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. அடி வாங்குகிறவளுக்கு ஆட்டம் நன்றாகத் தெரியும். கேடயம் வைத்திருக்கிறாய் என்பதால் மட்டும் நீ பத்திரம் என்று ஆகாது, அடி விழுகிற அந்த நேரத்தில் அது கையில் இருக்க வேண்டும். கட்டுக்கு அடியில் கிடந்தால் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதற்காகக் கேடயமாகவே வாங்கிக் குவிப்பதும் மடத்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அப்படித்தான் செய்தாய். ஐந்தோ ஆறோ வாங்கினாய், யாராலும் உன்னைத் தொட முடியவில்லை, நீயும் ஒன்றையும் சம்பாதிக்கவில்லை. கடைசியில் எண்ணிப் பார்த்தால் என்னைவிடக் கீழே நீ. "ஆனா யாருமே என்னைய அடிக்கலையே!" என்று அப்போதும் பெருமை பேசினாய். "அடி வாங்காம இருந்ததுக்குலாம் பரிசு கிடையாதுடா," என்றார் உன் அப்பா. கப்பல் பட்டறையில் ஆயுள் முழுக்க ஆட்களை மேய்த்த மனுஷன், வாயைத் திறந்தால் அதட்டல்தான் வரும். அன்றைக்கு மட்டும் அதட்டாமல் சொன்னார், நீதான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை என் கை நிறைய நல்ல சீட்டாக வந்திருந்தது. அபூர்வம். அதற்குள் உன் அத்தை அடித்துவிட்டாள். நீ வழக்கம்போல கேடயத்தைத் தூக்கிக் காட்டினாய். "எனக்கும் சேத்துக் காட்டேன் தம்பி, பக்கத்துலதான உக்காந்திருக்கேன்," என்றேன் விளையாட்டாக. "அப்படி ரூல் கிடையாதும்மா. யார் கையில இருக்கோ அவங்களுக்கு மட்டும்தான்," என்றாய். சரிதான், ரூல் அப்படித்தான். நல்ல சீட்டு இரண்டை எடுத்துக் கீழே போட்டேன். இதையெல்லாம் இவ்வளவு காலம் மனசில் வைத்திருந்து சொல்கிறேனே என்று உனக்குத் தோன்றும். வைத்திருக்கவில்லை தம்பி. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். உன் அப்பா நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாவது வாரம். நாள் நாளாக முறை போட்டுப் பார்த்துக்கொண்டோம். காலையில் உன் அத்தை, வேலை முடிந்து சாயங்காலம் நான், சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை நீ. அன்றைக்கு நான் சுவா சூ காங்கில் நம் வீட்டு அடுப்படியில் அவருக்கு மிளகு ரசம் வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று மணிக்கு வார்டிலிருந்து தாதி கூப்பிட்டாள். உடனே வரச் சொன்னாள், அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்சியிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். முதல் தடவை நீ எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்ததும் பின்னால் ஒரே கூச்சல். "அம்மா, ஃபைனல்ல இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்," என்றாய். ஜாலான் புசார் கடையில் அன்றைக்கு அந்த விளையாட்டுக்குப் போட்டி என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "அப்பாகிட்ட யாரு இருக்கா?" என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். நான் போய்ச் சேர்ந்தபோது திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். கடைசி மூச்சில் அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளும் இல்லை.

உன் அத்தை எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு முதலில் கேட்டது அதைத்தான். "யாரு அண்ணி இருந்தா? சனிக்கிழமை தம்பி முறைதானே?" ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. "மாத்திக்கிட்டோம். நான்தான் இருந்திருக்கணும். ஒரு எட்டு வீட்டுக்குப் போனேன், கண்ணசந்துட்டேன்," என்றேன். நாற்பது நிமிடம் கழித்து நீ முதுகுப் பையோடு லிஃப்டிலிருந்து ஓடி வந்தாய். அங்கேயே உன்னை நிறுத்தி, "இன்னிக்கு உன் முறை இல்ல, என் முறை. யார் கேட்டாலும் அதான் சொல்லணும். புரியுதா?" என்றேன். "அப்பாதாம்மா போயிட்டு வாடான்னு சொன்னாரு," என்று அழுதாய். அதை நான் நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓகேம்மா," என்றாய். அந்த "ஓகேம்மா" ஆறு வருடமாக நடக்கிறது.

உனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பயந்துபோன பிள்ளை, அன்றைக்கு ஒரு நாள் உன்னைக் காப்பாற்றிவிட்டு, பிறகு நீயே நிதானமாக வந்து அத்தையிடம் சொல்வாய் என்று நினைத்தேன். கருமாதி வரை காத்திருந்தேன். அன்றைக்கு உன் அத்தை சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கும்படி, "எங்கண்ணன் போறப்ப எங்கண்ணி வீட்ல தூங்கிட்டிருந்தாங்க," என்றாள். நீ எழுந்து எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவரப் போனாய். முதல் வருடத் திதியன்று சிராங்கூன் ரோட்டில் கோயில் வாசலிலேயே சொன்னாள். நீ கைப்பேசியில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு சொந்தத்துக்குள் எனக்குப் பெயரே தூங்குமூஞ்சி என்றாகிவிட்டது. நான் தூங்கக்கூட இல்லை தம்பி, ரசம் வடிகட்டிக்கொண்டிருந்தேன். இதில் வேடிக்கை என்ன தெரியுமா, பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகள் "நான் இல்ல டீச்சர், அவன்தான்" என்று கை காட்டும்போது நான் விடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, யார் செய்தது என்று அவர்களே வாயால் சொல்கிற வரைக்கும் காத்திருப்பேன். ஊரார் பிள்ளைகளுக்கு முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்ததை நான் பெற்ற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உன் அத்தையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவளுக்கு வாய் நீளம், அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் அவள் பொய் பேசுகிறவள் இல்லை. நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பி, ஆறு வருடமாக அதை வைத்துத் தன் அண்ணனுக்காக அழுகிறாள். அவள் கோபம் நியாயமான கோபம், ஆள்தான் மாறிப்போனது. அவளுக்கும் சேர்த்துத்தான் நாம் துரோகம் செய்திருக்கிறோம். இது எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது.

நிச்சயதார்த்தத்தன்று என்ன நடந்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய். அந்தச் சைவ உணவகத்து மாடியில் உன் அத்தை மீராவின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "உங்க பொண்ண நாங்க நல்லா பாத்துக்குவோம். எங்க அண்ணிக்குத்தான் கொஞ்சம் தூக்கம் ஜாஸ்தி, எங்கண்ணன் சாகுறப்பவே தூங்குனவங்களாச்சே," என்றாள். அவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீரா உன்னைப் பார்த்தாள். நீ, "அத்தை, பாயசம் வருது பாருங்க," என்றாய். அழகாகத் தப்பித்தாய், யார் மேலும் படாமல். திரும்பி வரும்போது டாக்சியில் நான் முன் இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டீர்கள், எனக்குத்தான் அந்தப் பெயர் இருக்கிறதே. "அத்தை அப்படிச் சொல்றாங்க, நீ ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்று மீரா கேட்டாள். "அம்மாக்கு இதெல்லாம் பழகிருச்சு லா," என்றாய்.

ஆறு வருடத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன், எதுவும் அந்த ஒரு வரியைப் போல வலிக்கவில்லை. உன் அத்தை அறியாமல் பேசினாள். நீ எல்லாம் தெரிந்து பேசினாய். மீரா "ஓ" என்று மட்டும் சொன்னாள். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமான புதிதில் உன் அப்பாவிடம் நானும் அப்படித்தான் "ஓ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டேன். நாளைக்கு உன் பக்கத்தில் உட்காரப்போகிறவள் அவள். அவள் மேல் ஒன்று விழும்போது உன் கையில் இருப்பதை எடுத்துக் காட்டிவிட்டு நீ மட்டும் ஒதுங்கிக்கொள்வாயா? அப்படித்தான் செய்வாய் என்று நான் பயப்படுகிறேன். உன்னை அப்படி வளர்த்தவள் வேறு யாரும் இல்லை என்பதால் அந்தப் பயம் எனக்கு இன்னும் அதிகம். சீட்டாட்டத்தில் கேடயம் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் என்று ரூல் சொன்னாய், ஒத்துக்கொண்டேன். வீட்டில் யார் அந்த ரூலைப் போட்டது?

அந்த விளையாட்டில் இன்னொரு சீட்டு உண்டு, உனக்கு நன்றாகத் தெரியும். உன் சீட்டுக்கட்டில் சேர்ந்த குப்பையை ஆட்டத்தை விட்டே வெளியே எடுத்துப் போட உதவுவது. விலையும் கம்மி. கேடயத்தைவிட அதுதான் பெரிய பாதுகாப்பு என்று நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! "குப்பைய வெளிய எடுங்கம்மா, அத வச்சிக்கிட்டே ஆடாதீங்க." அதை வாங்கினால் ஒரு சுற்று வீணாகப் போகுமே என்று கணக்குப் பார்த்து நான் வாங்கவே மாட்டேன். அது சிக்கனம் இல்லை, வீம்பு. எல்லாவற்றையும் நானே சுமக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆனால் இந்தக் குப்பையை என்னால் வெளியே எடுக்க முடியாது. நானே போய் உன் அத்தையிடம் உண்மையைச் சொன்னால் மகனைக் காட்டிக்கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள் என்பார்கள், அல்லது நம்பவே மாட்டார்கள். அதை உன்னால் மட்டும்தான் எடுக்க முடியும்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சனிக்கிழமை உனக்கு லீவு. அத்தை வீடு எங்கே இருக்கிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவன் நீ என்று அவளிடம் உன் வாயால் சொல். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள், வாங்கிக்கொள். எதையும் எடுத்துக் காட்டாதே. பாயசத்தைப் பற்றிப் பேசாதே. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அவள் சொன்னால் அவள் வாசலில் உட்கார்ந்து கூப்பிடு, நானும் வந்து உட்காருகிறேன். நீ போகாவிட்டால் என்ன ஆகும் என்று மிரட்ட எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றும் ஆகாது. விருந்தில் அவள் பேசுவாள், நான் முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து கேட்பேன், வாயைத் திறக்க மாட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு வராது. அது உனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் நேற்று போன் செய்தாய். எனக்கு உன் மேல் இருக்கிற கோபத்தைவிட என் மேல் இருக்கிற கோபம்தான் பெரிது.

நாளைக்கு மீரா ரவிக்கை அளவு கொடுக்கத் தேக்காவில் தையல் கடைக்கு வருகிறாள், என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். உறையை ஒட்டவில்லை. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற பெண் இல்லை அவள், அப்படியே கொண்டுவந்து உன் கையில் கொடுப்பாள். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். பிறகு, "அம்மா என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்பாள்.

என்ன சொல்லப் போகிறாய்?

அம்மா